சீருடையும் கொடையும் ஒரே பீடத்தில்: படையிலிருந்த கொடையாளருக்குச் சிலை எழுப்புவது ஏன் சிக்கலாகிறது?

பாடசாலைக்குக் காணி கொடுத்தவர், வாசிகசாலைக்குக் கட்டடம் எழுப்பியவர், இளமையில் ஏதோவொரு படையில் பணியாற்றியவர். இப்படியொருவருக்குச் சந்தியில் சிலை வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், யாழ்ப்பாணத்தில் அது விரைவிலேயே இரண்டு விவாதங்களாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சாரார் அவர் கொடுத்ததைப் பட்டியலிடுகின்றனர். மற்றச் சாரார் அவர் எந்தப் படையில் இருந்தார் என்று கேட்கின்றனர். இரு சாராரும் ஒரே மனிதரைப் பற்றிப் பேசினாலும் ஒரே விடயத்தைப் பேசுவதில்லை. இடையில் பிரதேச சபை அனுமதி தரவில்லை என்றோ, வீதி அதிகாரிகள் தடுத்துவிட்டனர் என்றோ செய்தி வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அந்த மறுப்புக்கு அரசியல் காரணமா, வெறும் காணிப் பிரச்சினையா என்பதை வாசகர் அறிய வழியில்லை. இந்தக் கட்டுரை அந்த முடிச்சுகளை அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

சிலை, தூபி, நினைவிடம், நடுகல்

பேச்சில் இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வந்தாலும் பொருள் வேறு. சிலை என்பது ஒருவரின் உருவம். நல்லூர் முத்திரைச் சந்தியிலுள்ள சங்கிலியன் சிலையைப் போன்றது. தூபி என்பது உருவம் இல்லாமலும் நிற்கக்கூடிய கோபுரம் அல்லது தூண். 1974 ஜனவரி 10 அன்று நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தோருக்காக வீரசிங்கம் மண்டபத்தின் அருகே நிற்பவை இவ்வகையின. நினைவிடம் என்ற சொல் இவை இரண்டையும், சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்துக் குறிக்கும். மார்பளவுச் சிலை, முழுவுருவச் சிலை என்ற பிரிவு அளவைப் பற்றியது போலத் தோன்றினாலும், உடையைப் பற்றிய கேள்வியில் அது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைப் பின்னர் காணலாம்.

நடுகல் இவற்றுக்கெல்லாம் மூத்தது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலும் காதைகளின் பெயர்கள் ஏறத்தாழ இதே ஒழுங்கில் வருகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. தகுந்த கல் எது என்று பார்ப்பது முதலிலும், வாழ்த்துவது கடைசியிலும் நிற்கின்றன. இன்றைய சிலைக் குழுக்களின் வேலை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. வாழ்த்துரையும் திரைநீக்கத் திகதியும் முதலில் முடிவாகிவிடுகின்றன. கல், நிலம், எழுத்து ஆகியவை அந்தத் திகதிக்குள் எப்படியாவது பொருந்தியாக வேண்டும் என்ற நெருக்கடி பிறகு வருகிறது. சர்ச்சைகளிற் பாதி இந்த வரிசைப் பிழையிலிருந்தே கிளம்புகிறது என்பது என் கணிப்பு.

கொடைக்கு யாழ்ப்பாணம் வைத்திருந்த நினைவு வடிவம்

கொடையாளருக்கு உருவச் சிலை என்பது குடாநாட்டின் பழைய வழக்கம் அன்று. பொது இடத்தில் நினைவுக் கட்டுமானம் எழுப்பும் காலனித்துவ கால வழக்கத்துக்கு யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம் நல்ல சான்று. வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக 1882 இல் அது கட்டப்பட்டது. அதற்கு முந்திய ஊர்வழக்கில் ஒருவரின் நினைவு, வழிப்போக்கரும் கால்நடையும் பயன்படுத்தும் பொருளாகவே நின்றது. தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடுகள் உடலை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக் கல், தண்ணீருக்குக் கேணி, தங்குவதற்கு மடம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைக்கும் வழக்கம், அவள் இறக்கி வைக்க முடியாமற்போன சுமையைப் பிறர் இறக்கி வைக்கட்டும் என்ற நினைப்பில் எழுந்தது. பருத்தித்துறையின் தெருமூடி மடம் வீதிக்கு மேலேயே கூரை போட்டு, கடந்து செல்லும் ஒவ்வொருவரையும் நிழலுக்குள் எடுத்துக்கொள்கிறது.

இந்த மரபின் தொடர்ச்சியே இன்று பாடசாலை வகுப்பறைச் சுவரிலும் தண்ணீர்த் தாங்கியிலும் காணும் ‘ஞாபகார்த்தமாக’ என்ற சொல். எனவே, ‘அவருக்கு ஏன் சிலை, ஒரு நூலக அறை போதாதா?’ என்று யாராவது கேட்டால், அது கொடையாளரைச் சிறுமைப்படுத்தும் கேள்வி ஆகாது. அவர் வாழ்ந்த ஊரின் பழைய இலக்கணத்திலிருந்து வரும் கேள்வி அது. சிலைக்கு ஆதரவான வாதமும் இல்லாமல் இல்லை. வகுப்பறைச் சுவரிலுள்ள பெயர் அடுத்த வர்ணப் பூச்சோடு மறையலாம், கட்டடமே இடிக்கப்படலாம், முகம் மட்டும் சந்தியில் நிற்கும். ஆனால் முகத்தை வைத்தவுடன் அந்த முகத்தின் முழு வாழ்க்கையும் பீடத்தில் ஏறிவிடுகிறது. படை பற்றிய கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

‘முன்னாள் படைவீரர்’ என்றால் எந்தப் படை?

வேறொரு நாட்டில் இந்தச் சொற்றொடர் ஒரே பொருளைத் தரலாம். யாழ்ப்பாணத்தில் அது ஐந்து வெவ்வேறு வாழ்க்கைகளைக் குறிக்கக்கூடும். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்த விவாதமும் நகராது.

1. காலனித்துவ காலத் தொண்டர் படைகள். இலங்கைக் காலாட்படைத் தொண்டர் அணி 1881 இல் உருவானது. 1910 இல் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற அமைப்பு வந்தது. இரண்டு உலகப் போர்க் காலங்களிலும் இதிற் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். இவர்கள் பிரித்தானிய முடிக்குச் சேவகம் செய்தவர்கள். இன்றைய அரசின் படையோடு இவர்களை இணைப்பது காலப்பிழை.

2. மலாயா வழி. தொடருந்துச் சேவைக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தவர்கள் ஏராளம். அங்கே 1942 இல் தோன்றி, 1943 இல் சுபாஸ் சந்திர போஸின் தலைமைக்கு வந்த இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். அதாவது, ஒரே போரில், முடிக்காகப் போரிட்டவரும் முடிக்கு எதிராகப் போரிட்டவரும் ஒரே ஊரின் பிள்ளைகளாக இருந்திருக்கலாம். சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்துக்கு 1945 இல் எழுந்த நினைவுச் சின்னத்தை, திரும்பிவந்த பிரித்தானியர் அதே ஆண்டில் தகர்த்தனர். 1995 இல் அந்த இடத்தில் அடையாளப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. நினைவுச் சின்னத்தின் ஆயுள் ஆட்சியின் ஆயுளோடு கட்டுண்டது என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தேவையில்லை.

3. சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கை இராணுவம். 1949 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின் கீழ் அது நிறுவப்பட்டது. 1955 இல் அதன் தளபதியாகப் பொறுப்பேற்ற முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். கடற்படைக்கு 1960 தொடக்கம் பத்தாண்டுகள் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழரே. 1956 இன் ‘சிங்களம் மட்டும்’ மொழிக் கொள்கைக்கும், 1962 ஜனவரியில் முறியடிக்கப்பட்ட ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்கும் பிறகு படைகளில் தமிழரின் பங்கு வெகுவாகச் சுருங்கியது. ஆகவே 1950 களில் ஓய்வு பெற்ற ஒருவரையும் 1980 களில் பணியாற்றிய ஒருவரையும் ‘இராணுவத்தில் இருந்தவர்’ என்ற ஒரே பெட்டியில் போடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

4. போர்க்காலத்து அரச படையும் இந்திய அமைதிப் படையும். ‘ஆமிக்காரன்’ என்ற சொல்லுக்கு இன்றைய யாழ்ப்பாணத்துக் காதில் உள்ள கனம் இந்தக் காலத்தில் ஏறியது.

5. தமிழ் இயக்கங்களில் இருந்தோர். பின்னாளில் வெளிநாடு சென்று உழைத்து ஊருக்குக் கொடுத்தவர்களில் இவர்களும் இருக்கலாம். விடுதலைப் புலிகள் அமைப்பு இலங்கையில் தடைசெய்யப்பட்டிருப்பதால், அதன் சின்னமோ சீருடையோ உருவத்தில் இடம்பெறுவது 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் வரை போகக்கூடிய விடயம்.

முதல் மூன்று வகைகளுக்கும் பின்னிரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி அறிவளவில் எளிது, உணர்வளவில் எளிதன்று. காரணம் வெளிப்படை. ஆனையிறவில் 1991 ஆம் ஆண்டுச் சமரில் இறந்த அரச படைச் சிப்பாயின் நினைவிடம் ஏ9 வீதியோரத்தில் இருக்கிறது. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வெற்றிச் சின்னங்கள் எழுந்தன. அதே காலத்தில், இறந்த புலிகளைப் புதைத்த மாவீரர் துயிலுமில்லங்கள் நிலத்தோடு நிரவப்பட்டன. கோப்பாயில் துயிலுமில்லம் இருந்த நிலத்தில் 2011 இல் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலில் மீளக் கட்டித் திறக்கப்பட்டது. தன் பிள்ளைக்கு ஒரு கல் வைக்க முடியாத தாய் இருக்கும் ஊரில், எந்தப் படையின் சீருடையும் சும்மா ஓர் உடை ஆகிவிடாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து முதியவரின் சிலையைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தால் அதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமல்ல.

உருவம் எதை அணிந்திருக்க வேண்டும்?

சிலையில் உடைதான் முதல் வாசகம். பீடத்தின் எழுத்தை நூறு பேரில் சிலரே நின்று வாசிப்பார்கள். சீருடையும் தொப்பியும் அணிந்த முழுவுருவம் ‘இவர் போரிட்டதற்காக இங்கே நிற்கிறார்’ என்றே சொல்லும், பீடத்தில் எத்தனை பாடசாலைகளின் பெயர் எழுதப்பட்டாலும். வேட்டி சால்வையிலோ கோட்டிலோ உள்ள உருவம் கொடையை முன்வைக்கும். மார்பளவுச் சிலையில் இந்தச் சிக்கல் பாதியாகக் குறைகிறது. தோள் பட்டியும் பதக்கங்களும் இல்லாவிட்டால் அது வெறும் முகம்.

ஊர் அவருக்குச் சிலை வைப்பது அவர் கொடுத்ததற்காக என்றால், உருவம் கொடுத்த வயதின் உருவமாக இருப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். படைச் சேவையை மறைக்க வேண்டியதில்லை. அது எழுத்தில், படையின் பெயரோடும் ஆண்டுகளோடும் வரட்டும். குடும்பத்தினர் இதற்கு இணங்குவது சில வேளைகளில் கடினம். வரவேற்பறையில் தொங்கும் மிக அழகான படம் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுச் சீருடைப் படமாகவே இருக்கும். சிற்பியின் கைக்கும் அதுவே போய்ச் சேரும்.

நிலமும் அனுமதியும்

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. ‘சபை அனுமதி’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் பல கேள்விகளின் தொகுப்பு.

1. நிலம் யாருடையது? சந்தி என்றால் பெரும்பாலும் அது வீதிக்கான ஒதுக்கு நிலம். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஏனையவை உள்ளூராட்சி மன்றத்துக்கும் உரியவை. ஏ வகை வீதியோரத்தில் சிலைக்குப் பிரதேச சபை தீர்மானம் நிறைவேற்றினாலும், வீதி அதிகார சபை மறுத்தால் வேலை நின்றுவிடும். செய்திகளில் ‘தடுத்து நிறுத்தப்பட்டது’ என வருவனவற்றில் சில, பார்வைக்கோணத்தையும் எதிர்கால அகலிப்பையும் பற்றிய இத்தகைய சாதாரண மறுப்புகளாக இருக்க இடமுண்டு. ஆளைப் பார்த்து மறுப்பதற்கும் இதே காரணம் வசதியான போர்வையாகலாம் என்பதால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

2. அரச காணியா? அப்படியானால் பிரதேச செயலகத்தினூடாகவே போக வேண்டும்.

3. தனியார் காணியா? இது எளிது என்று நினைப்பது வழமை. ஆனால் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் பங்குகள் பிரிந்து, பங்காளர்கள் மூன்று கண்டங்களில் இருப்பது அரிதல்ல. ஒருவரின் வாய்மொழிச் சம்மதத்தில் பீடம் கட்டி, இன்னொரு பங்காளர் ஆட்சேபித்தால் என்ன செய்வது? பங்காளர் சார்பில் செயற்பட எழுத்தில் தரும் அதிகாரமான அற்றோர்ணித் தத்துவம் இல்லாமல் அடித்தளம் வெட்டக் கூடாது.

4. பழைய கட்டுமானத்தின் அருகிலா? கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் சூழலில் தொல்பொருள் திணைக்களத்தின் சம்மதமும் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதற்கு அடிப்படை.

5. தீர்மானம் எடுக்க உறுப்பினர்கள் இருக்கிறார்களா? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகே புதிய உறுப்பினர்கள் அமர்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் நிர்வாகத்தை அதிகாரிகளே நடத்தினர். அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றை ‘சபையின் தீர்மானம்’ என்று காட்டினால், அதன் வலு என்ன என்று கேட்பது தவறில்லை.

எதில் செய்வது? உப்புக் காற்றின் கணக்கு

குடாநாட்டின் அடியிலிருப்பது சுண்ணக்கல். அது துளைகள் கொண்டது, நீரில் மெல்லக் கரைவது. நுண்ணிய முக வேலைக்கு அது தாங்காது. கருங்கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். ஆகவே நடைமுறையில் தெரிவு மூன்று: சீமெந்து, கண்ணாடியிழை, வெண்கலம்.

சீமெந்துச் சிலை மலிவு; உள்ளூர்க் கைவினைஞரே செய்வார். ஆனால் அதன் உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எந்த இடமும் கடலிலிருந்தோ களப்பிலிருந்தோ வெகுதூரம் இல்லை. உப்புக் காற்றின் குளோரைட்டு சீமெந்தின் நுண்துளைகள் வழியே கம்பியை அடைந்து துருவைத் தொடக்குகிறது. துரு, அது உருவான இரும்பைவிட இரண்டு தொடக்கம் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் சீமெந்து உள்ளிருந்தே வெடிக்கிறது. கடலோரக் கட்டடங்களில் கம்பிக்கு மேல் 40 தொடக்கம் 50 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூட வேண்டும் என்பது பொறியியலாளர் சொல்லும் கணக்கு. ஒரு சிலையின் விரலின் முழுத் தடிப்பே அவ்வளவு இல்லை! விரல்களும் கைத்தடியும் செருப்பு வாரும் முதலில் உடைவதற்குக் காரணம் விசமிகளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சிலை சேதமானதும் ஊரில் கிளம்பும் சந்தேகங்களுக்கு முன், உடைந்த இடத்தில் செந்துருக் கறை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. துருப்பிடிக்காத உருக்குக் கம்பியைப் பயன்படுத்தினால் செலவு கூடினாலும் ஆயுள் நீளும்.

கண்ணாடியிழை துருப்பிடிக்காது, இலேசானது, விரைவில் முடியும். பல இடங்களில் வெண்கல வர்ணம் பூசி நிற்பவை இவையே. வெயிலின் புறவூதாக் கதிர் மேற்பரப்பை வெளிறவைத்து நொறுங்கச் செய்வது இதன் குறை. இலேசானது என்பதால் பீடத்தோடு சரியாகப் பிணைக்கப்படாவிட்டால் காற்றும் பெயர்க்கும், கையும் பெயர்க்கும்.

வெண்கலச் சிலை மெழுகு வார்ப்பில் உருவாகிறது. சுவாமிமலைச் சிற்பிகள் கோயில் திருமேனிகளை உட்பகுதியும் உலோகமாகக் கன வார்ப்பில் செய்கிறார்கள். ஆளுயர உருவத்துக்கு அந்த முறை தாங்க முடியாத எடையைத் தரும். எனவே உள்ளே வெறுமையான பொள்ளல் வார்ப்பு: களிமண் உருவம், அதிலிருந்து அச்சு, அச்சுக்குள் சில மில்லிமீற்றர் தடிப்பில் மெழுகு, அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் பூச்சு, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய உலோகம். பகுதி பகுதியாக வார்த்து ஒட்டி, தையல் தெரியாமல் உளியால் செதுக்கிச் சீராக்க வேண்டும். முகச் சாயல் பற்றிய திருத்தங்களைக் களிமண் நிலையில் மட்டுமே இலகுவாகச் செய்யலாம். குடும்பத்தினரும் குழுவினரும் அப்போதே நேரில் பார்த்து ஒப்புக்கொள்ளாவிட்டால், திரைநீக்க நாளில் ‘ஆளைப் போல இல்லையே’ என்ற முணுமுணுப்பைத் தவிர்க்க முடியாது. வெண்கலத்துக்கும் உப்பு பகைதான். பச்சைப் பொடியாக அரிப்புத் தொடங்கும். நன்னீரால் கழுவி, ஆண்டுதோறும் மெழுகுப் பூச்சுக் கொடுத்தால் அது அடங்கியிருக்கும்.

பீடத்தின் எழுத்து

யாழ்ப்பாணத்தில் ‘கல்வெட்டு’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு: முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடப்படும் நினைவு நூல். கொடையாளரைப் பற்றிய தகவலுக்குக் குழுக்கள் பெரும்பாலும் நாடுவது இந்தக் கல்வெட்டையே. அது இரங்கற் பாவுக்காகவும் உறவினர் பட்டியலுக்காகவும் எழுதப்பட்டது, சான்றாவணமாக எழுதப்பட்டதன்று. அதிலுள்ள ‘கப்டன்’ என்ற பட்டம் படை கொடுத்ததா, ஊர் அன்பில் அழைத்ததா என்பது தாளைப் பார்த்துத் தெரியாது. படையிலிருந்து விடுவித்த சான்றிதழும் சேவைப் புத்தகமும் இருந்தால் அவற்றையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். பதக்கம் மட்டும் போதாது. முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களில் பெயரும் இலக்கமும் பொறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்கு வழங்கப்பட்டவை பெயர் பொறிக்கப்படாமலே வந்தன. பெட்டியில் கிடக்கும் நட்சத்திரப் பதக்கம் யாருடையது என்று அது தானாகச் சொல்லாது.

எழுத்தின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் சாட்சி. அங்கே 1895 இல் எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற கொடையாளருக்கு எழுந்த வெண்கலச் சிலையின் பலகை, நகரின் அறமும் ஞானமும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்று அவரைப் புகழ்ந்தது. அவருடைய செல்வத்தில் அடிமை வணிகத்தின் பங்கு பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னொரு பலகை சேர்த்து அதைச் சொல்லலாம் என்ற முயற்சி, வாசகம் பற்றிய இழுபறியில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக் கைவிடப்பட்டது. 2020 ஜூன் 7 அன்று மக்கள் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுக நீரில் தள்ளினர். இப்போது அது வர்ணப் பூச்சோடு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கொடையாளரை அடிமை வணிகரோடு ஒப்பிடுவது இங்கே நோக்கமன்று. பலகையில் விடப்படும் வரி காணாமற் போய்விடுவதில்லை என்பதற்காகவே இந்த உதாரணம்.

ஆகவே பிறந்த, இறந்த ஆண்டுகள், எதை எந்த ஆண்டில் கொடுத்தார், எந்தப் படையில் எந்த ஆண்டுகளில் இருந்தார், சிலையை யார் எழுப்பினர் ஆகியவை போதும். ‘வள்ளல்’, ‘மாவீரர்’ போன்ற சொற்களை மேடைக்கு விட்டுவிடலாம். இரண்டாவது சொல்லுக்கு இந்த மண்ணில் தனிப்பொருள் இருப்பதால் அதை வேறொருவருக்குப் பொறிப்பது இரு தரப்பையும் புண்படுத்தும்.

திரை விலகிய பிறகு

சிலைக்குப் பணம் சேர்ப்பது எளிது. புலம்பெயர்ந்த உறவினர் மனமுவந்து அனுப்புவார்கள். பத்தாண்டு கழித்து மெழுகுப் பூச்சுக்கும் பீடத்தின் வெடிப்புக்கும் பணம் கேட்டால் பதில் வராது. சேர்ந்த தொகையில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நிதியமாக வைப்பது ஒரு வழி. பழைய மாணவர் சங்கமோ சனசமூக நிலையமோ பொறுப்பேற்பது இன்னொரு வழி. அங்கே நிருவாகக் குழு மாறும்போது பொறுப்பும் மறந்துபோவது வழமை. சிலையைச் சபையிடம் கையளித்தால், சொத்துப் பதிவேட்டில் அது ஏறியதற்கான பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத பொருளுக்குச் சபை செலவு செய்ய முடியாது.

இன்னொரு வரியும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். வீதி அகலிக்கப்பட்டால் பீடம் எங்கே நகரும், யார் செலவில், யாரிடம் கேட்டு என்பது அந்த வரி. அது இல்லாவிட்டால், அகலிப்பு வேலை தொடங்கும் நாளில் கொடையாளர் சாக்கில் சுற்றப்பட்டு வாசிகசாலையின் பின்சுவரில், அவரே கட்டிக் கொடுத்த சுவரில், சாய்த்து வைக்கப்படுவார்.